ஏராவும் பயினும்: முத்துக்குளித்துறை மரக்கலங்களின் அடிமரப் பிணிப்புப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

தமிழர் கடலோடிய வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர் பலரும் துறைமுகங்களையும், வாணிகப் பொருள்களையும், வேந்தர்தம் கடற்படையெடுப்புகளையும் விரித்து ஆராய்ந்துள்ளனர். கலத்தின் உடலை ஆராய்ந்தோர் சிலரே. அவ்வாராய்ச்சியிலும் பாய், கூம்பு, சுக்கான் முதலிய கண்ணுக்குப் புலனாகும் உறுப்புகளே இடம்பெற்றன. நீருக்கடியில் மறைந்து நின்று கலம் முழுவதையும் தாங்கும் அடிமரம் போதிய கவனம் பெற்றிலது.

அடிமரம் கலத்தோடு எவ்வாறு பிணிக்கப்பட்டது? அப்பிணிப்புத் தளர்ந்தவழி அஃது எவ்வாறு மீண்டும் பூட்டப்படுகிறது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும். இவை தச்சருக்கு உரியன, தமிழாராய்ச்சிக்கு உரியன அல்ல என்று சிலர் கருதலாம். பழந்தமிழ் இலக்கியத்தில் கலத்தின் பழுது நீக்கத்தைக் குறிக்கும் சொல்லொன்று உண்டு. அதன் பொருளைத் தொழிலறிவின்றி முற்றும் உணர்தல் இயலாது. ஆதலின், சொல்லையும் தொழிலையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

1. களம்

தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த மீனவர் ஊர் தருவைகுளம். தென்பாண்டிக் கடற்கரைப் பகுதியில் 'தருவை' என்பது அகன்று ஆழமின்றிப் பரந்து கிடக்கும் நீர்நிலையைக் குறிக்கும். சடையனேரித் தருவை, வைரவன் தருவை என்னும் பெயர்கள் இதற்குச் சான்றாம். எனவே, இவ்வூர்ப் பெயரில் நீர்நிலை குறித்த சொற்கள் இரண்டு அடுத்து நிற்றல் காண்கிறோம். நிலத்தில் ஆழமற்ற நீரைப் பெயராகக் கொண்ட இவ்வூரின் முன்னுள்ள கடலும் கரையை ஒட்டி ஆழம் குறைந்ததே.

இவ்வாழக்குறைவு இக்கடற்கரை முழுவதற்கும் பொதுவாகும். 1974 இல் பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பெற்ற புதிய துறைமுகம் அமைவதற்கு முன்னர், தூத்துக்குடிக்கு வந்த நீராவிக் கப்பல்கள் கரையை அணுக இயலாது, ஏறக்குறைய 5 மைல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கப்பலுக்கும் கரைக்குமிடையே சரக்கை ஏற்றி இறக்கியவை பாய்விரித்தோடிய தோணிகளே. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்து நின்றுபோன இறுதித் தொடர் முத்துச் சலாபங்களிலும் மரக்கலங்களே பார்களுக்குச் சென்று மீண்டன. ஆகவே, இக்கரையில் கலம் கட்டிய தச்சன் முதலில் எண்ணவேண்டியது கடலடி மணலையே ஆகும். அடிமரம் எத்துணை ஆழம் தாழலாம் என்பதை அம்மணலே வரையறுத்தது.

2. ஏரா என்னும் சொல்

கலத்தின் அடிமரத்தைக் குறிக்க அகராதிகள் தரும் சொல் 'ஏரா' என்பது. அடிமரத்தை இட்டுக் கலவேலையைத் தொடங்குதல் 'ஏரா வைத்தல்' எனப்படும். இக்காலப் பாடநூல்களில் இது 'எரா' எனக் குறில் முதலாகவும் எழுதப்படுகிறது. இவ்வேறுபாடு வியப்பிற்குரியதன்று. ஏட்டுச்சுவடிகளில் எகரத்தையும் ஏகாரத்தையும் புள்ளியால் வேறுபடுத்தும் வழக்கு நெகிழ்ந்திருந்தது. 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே நெடிலைத் தனித்துக் காட்டும் வரிவடிவம் நிலைபெற்றது. எனவே, பழஞ்சுவடிகளின் எழுத்தை மட்டும் கொண்டு குறிலா நெடிலா எனத் துணிதல் அரிது. தொழில்செய்வார் வாய்ச்சொல்லே இதற்கு முடிவான சான்றாகும்.

சொல்லின் பிறப்பு ஆராயத்தக்கது. அரபுக் கடலோடிகள் வழக்கில் அடிமரத்தைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று 'ஹீராப்' என்பது. ஏரா என்பதனோடு இதற்குள்ள ஒலியொப்புமை கருதத்தக்கது. எம்மொழியினின்று எம்மொழிக்குச் சென்றது எனத் துணிவதற்கு ஒலியொப்புமை மட்டும் போதாது. எனினும், கலத்தொழிற் சொற்கள் கடலைக் கடந்து திரிவன என்பதில் ஐயமில்லை. 'சுக்கான்' அரபு மொழியினின்றும், 'நங்கூரம்' பாரசீகத்தினின்றும் வந்தவை. பலகையிடுக்கை அடைக்கும் தொழிலைக் குறிக்கும் 'கலப்பற்று' என்பதைக் கலம் + பற்று எனப் பிரித்துத் தூய தமிழ்ச்சொல்லாகக் கொள்ளத் தோன்றும். ஆயின், இத்தொழிலைக் குறிக்கும் அரபு, போர்த்துக்கேயச் சொற்களும் இதனோடு நெருங்கிய ஒலியொப்புமை உடையன. பல நாட்டுக் கலங்கள் அருகருகே நின்ற துறைகளில் சொற்களும் அருகருகே நின்றன என்பதே இதனாற் பெறப்படும்.

சங்க நூல்கள் நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, திமில், பஃறி எனக் கலங்களின் பெயர்களை நிரம்ப வழங்குகின்றன. உறுப்புகளுள் கூம்பும் பாயும் பலகாலும் பேசப்படுகின்றன. கரையில் நின்று காணும் புலவனுக்குத் தோன்றுவன அவையே. அடிமரத்தை அறிய வேண்டின், புலவனை விடுத்துத் தச்சனிடம் செல்லுதல் வேண்டும். அத்தகைய தச்சு நூலொன்று நல்வாய்ப்பாக நமக்குக் கிடைத்துள்ளது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தார் 1950 இல் பதிப்பித்த 'கப்பல் சாத்திரம்' என்பதே அது. மரங்களின் தேர்வு, உறுப்புகளின் அளவு, நாள், குறி ஆகியவற்றை அது ஒருங்கு கூறுகிறது. மரத்தின் கண்ணும் சுழியும் நன்மை தீமைக்குக் குறியாகக் கொள்ளப்பட்டமையை இன்று மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. ஆயின், கணுவுள்ள இடத்தில் மரத்தின் இழை வளைந்து வலிமை குன்றும் என்பது தச்சறிவு. குறி பார்த்தல் என்னும் போர்வையுள் மரம் பார்த்தல் என்னும் தொழில் மறைந்திருத்தலை நாம் மறத்தலாகாது.

3. காற்றும் அடிமரமும்

அடிமரத்தின் தொழில் மூன்று. கலத்தின் முதுகெலும்பாக நின்று வங்குக்கால்களைத் தாங்குதல் ஒன்று. காற்றுப் பக்கவாட்டில் தள்ளும்போது கலம் நழுவாதவாறு நீரை எதிர்த்து நிற்றல் மற்றொன்று. கீழே எடையாய் நின்று சாய்ந்த கலத்தை நிமிர்த்துதல் மூன்றாவது. இம்மூன்றையும் ஓருறுப்பே செய்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. ஒவ்வொரு கடற்கரையும் இவற்றைத் தனக்கேற்றவாறு பகுத்துக்கொண்டது.

கிழக்கு நோக்கிய இக்கரையில் நிலக்காற்றில் புறப்பட்டுக் கடற்காற்றில் திரும்பும் கலத்திற்குப் போக்கிலும் வரவிலும் காற்றுப் பெரும்பாலும் பின்னிருந்தே வீசும். அதற்கு ஆழ்ந்த அடிமரம் வேண்டுவதில்லை. கொழும்புக்குச் செல்லும் சரக்குத் தோணியின் நிலை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று அதன் பக்கத்தைத் தாக்கும். அதற்கு நீண்டு நிற்கும் அடிமரம் இன்றியமையாதது. ஆகவே, 'தமிழர் கலம்' என ஒன்றைப் பொதுப்படக் கூறி அதற்கு ஏரா உண்டு அல்லது இல்லை என வாதிடுதல் பொருந்தாது. சென்னைக் கரையின் அலைகளைக் கடந்த மசுலாப் படகு அடிமரமும் வங்கும் இன்றிக் கயிற்றால் தைக்கப்பட்டது. அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுப்பதே அதன் வலிமை.

பாக்கு நீரிணைக் கரையின் 'வத்தை' இவ்வகையில் தனிச்சிறப்புடையது. சென்னை மீன்துறையின் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920 இல் வெளியிட்ட இந்தியப் படகமைப்புப் பற்றிய நூலில் இவ்வகைப் படகுகளை ஆராய்ந்துள்ளார். அதன் அடி ஏறத்தாழத் தட்டையானது. பக்க நழுவலைத் தடுக்க வேண்டும்போது பக்கத்தில் ஒரு பலகையை நீருள் இறக்குவர்; ஆழங்குறைந்த இடத்தில் அதனை மேலே தூக்கிவிடுவர். சாய்வைத் தடுக்கவோ, படகுக்குக் குறுக்கே நீண்டு நிற்கும் பலகையின்மீது ஆட்கள் காற்று வரும் பக்கம் ஏறி நிற்பர். நீருக்கடியில் எடையைத் தொங்கவிடுவதற்கு மாறாக நீருக்கு மேலே மனிதரையே எடையாக நிறுத்திய முறை இது. வேண்டும்போது பூட்டி வேண்டாதபோது கழற்றும் அடிமரம் என்னும் கருத்து, பக்கப்பலகை வடிவில் இக்கடலில் வழங்கியது எனக் கூறுதல் மிகையாகாது.

4. பிணிப்பு வகைகள்

கலத்தின் உறுப்புகளைப் பிணிக்கும் முறைகள் கயிறு, மரமுளை, இரும்பாணி, மரையாணி என நால்வகைப்படும். இவை ஒன்றன்பின் ஒன்றாய் வந்து முன்னதை அழித்தன எனக் கொள்ளுதல் பிழை. கயிற்றால் தைத்த மசுலாவும் ஆணியால் அறைந்த தோணியும் ஒரே காலத்தில் ஒரே மாகாணத்தின் கரையில் இயங்கின.

இங்கு ஒரு பிழைக் கருத்தைச் சுட்டுதல் கடமையாகும். சுண்ணாம்பும் சணலும் எண்ணெயும் கலந்து இடித்துப் பலகை இடுக்குகளில் பூசும் முறையைத் தமிழர் கலங்களில் கண்டு மார்க்கோ போலோ வியந்ததாகப் பல கட்டுரைகள் கூறுகின்றன. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பாண்டிநாட்டுக் காயல் துறையைக் குறித்து எழுதியது உண்மையே. ஆயின், சுண்ணாம்புப் பூச்சைக் கூறும் அவரது பகுதி, சீன நாட்டுத் துறைகளினின்று இந்தியக் கடல்களுக்கு வந்த வணிகக் கப்பல்களைப் பற்றியது. அக்கப்பல்கள் இரும்பாணி கொண்டு அறையப்பட்டவை என்றும் அவரே கூறுகிறார். தென்னை நாரால் தைத்து மரமுளை செருகிய கலங்களைப் பற்றிய அவரது குறிப்போ பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் துறைக்கு உரியது. அங்கும் அவர் வியந்திலர், இகழ்ந்தே எழுதினார். இவ்விரண்டு பகுதிகளையும் எடுத்துத் தமிழர் கலத்திற்கு ஏற்றுதல் ஆராய்ச்சி நெறியன்று. நமக்கு உரிய சான்றுகள் வேறு உள. அவற்றைக் கொண்டே நம் பெருமையை நிறுவுதல் தகும்.

அச்சான்றுகளுள் ஒன்று வத்தையின் கட்டுமுறை. லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்கிரெயில் ஆகிய மூவரும் தமிழகக் கரையில் ஆராய்ந்து 1998 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வத்தையும் அதனையொத்த கலங்களும் முதலில் வங்குகளை நிறுத்திப் பின்னர்ப் பலகை பொருத்தும் முறையில் கட்டப்படுவதை அவர்கள் காட்டினர். வங்குகளின் வளைவு முன்னரே வடிவ வரைவால் அளந்து குறிக்கப்படுகிறது. தைத்த கலத்தில் பலகை பலகையைப் பற்றி நிற்கும். வங்கு முந்திய கலத்திலோ பலகை வங்கைப் பற்றும், வங்கு அடிமரத்தைப் பற்றும். எனவே, அடிமரத்திற்கும் வங்கிற்கும் இடையேயுள்ள ஆணியே கலத்தின் உயிர்நிலை ஆகிறது.

அவ்வாணி கெடும் வகையை ஆராய்வோம். இரும்பு உப்புநீரில் துருப்பிடிக்கும் என்பது யாவரும் அறிந்தது. துருவேறிய ஆணி தான் மெலிவதோடு நில்லாது, தன்னைச் சூழ்ந்த மரத்தின் இழையையும் கெடுத்து மாவாக்கும் என்பது பலரும் அறியாதது. ஆணியை மட்டும் மாற்றிப் பழைய துளையிலேயே அறைந்தால் அது நில்லாது. கெட்ட மரத்தைக் குடைந்து நீக்கி, நல்ல மரத்தால் துளையை அடைத்து, புதிய இடத்தில் துளையிடுதலே முறை. ஆணியைக் குறை கூறும் முன்னர் மரத்தை நோக்குக என்பது இதனாற் பெறப்படும் தொழில்நெறி.

மரக்கலம் கட்டும் நாடுகள் பலவற்றில் ஏராவின் அடியில் மற்றொரு கட்டையை இலேசாகப் பொருத்தும் வழக்கமும் உண்டு. தரைதட்டும்போது தேய்வதும் உடைந்து கழல்வதும் அக்கட்டையே. மெய்யான ஏரா காப்புறும். இழப்பதற்கென்றே பூட்டப்படும் அடிக்கட்டை அது. அதன் ஆணி வலிதாயின், கட்டை உடையுங்கால் ஏராவையும் உடன் பெயர்த்துவிடும். ஆகவே, பிணிப்பின் வலிமை எங்கும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை.

5. பயின்

பரிபாடலின் பத்தாம் பாட்டு வையையைப் பற்றியது. அதில், சிதையும் கலத்தைப் பயின் என்னும் பொருளால் திருத்திச் செலுத்தும் நீகான் ஓர் உவமையாக வருகிறான். 'பயின்' என்பது பிசின் போன்று ஒட்டும் தன்மையுடைய பொருள். நீகான் என்பான் திசையறிந்து கலம் செலுத்துவோன். இவ்வுவமையில் நாம் கருதவேண்டுவன இரண்டு. முதலாவது, கலத்தைப் பழுதுபார்த்தல் புலவனும் கேட்போரும் நன்கறிந்த செய்தியாய் இருந்தமை. அன்றேல் அஃது உவமை ஆகாது. இரண்டாவது, திருத்துவோன் தச்சனல்லன், நீகானே. கரையில் கலம் செய்வோரை மணிமேகலை கம்மியர் எனக் கூறும். பரிபாடலின் நீகானோ கலம் சிதைந்துகொண்டிருக்கும் அந்நிலையிலேயே கைக்குக் கிடைத்த பயினால் நீரைத் தடுக்கிறான்.

இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையமாகும். பிணிப்பது வேறு, அடைப்பது வேறு. ஆணி பிணிக்கும், பயின் அடைக்கும். கம்மியன் தொழில் முன்னது. கடலில் நீகானுக்கு வாய்ப்பது பின்னது. பயின் நீகானைக் கரைசேர்க்கும். கரைசேர்ந்த பின்னும் பயினையே நம்பிக் கம்மியனை அழையாதவன் அடுத்த பயணத்தில் கெடுவான். பிற்காலக் கலப்பற்றுத் தொழிலும் இவ்வாறே. நாரும் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் பலகை இடுக்கை மூடும். பலகையை வங்கோடு பிணிக்கமாட்டா.

6. தொங்கும் அடிமரம்

மேனாட்டுப் பொழுதுபோக்குப் பாய்ப்படகுகளில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுகாறும் கலத்தினுள் இட்ட அடிப்பாரத்தை வெளியே கொணர்ந்து, வார்த்த இரும்பாகவோ ஈயமாகவோ ஆக்கி, அடியில் மரையாணிகளால் பூட்டினர். ஈயம் நீரைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு எடையுடையது. அஃது எத்துணைத் தாழ்ந்து நிற்கிறதோ அத்துணை விரைவாகச் சாய்ந்த படகை நிமிர்த்தும். முதுகெலும்பு, தடுப்பு, எடை என்னும் தொழில்களுள் பின்னிரண்டையும் ஒரே உறுப்பின்மேல் ஏற்றிய அமைப்பு இது.

நம் கரைத் தோணிகளில் கல்லும் மணலும் கலத்தினுள் கிடந்தன. கரையேற்றும்போது அவற்றை இறக்கிவிடலாம். ஏரா கலத்தின் எடையைக் கீழிருந்து தாங்கியது. மணலில் அமரும்போது அதன் பிணிப்பு மேலும் இறுகியது. மேனாட்டுப் படகின் உலோக அடிமரமோ கடலில் மிதக்குங்கால் கலத்தினின்று தொங்குகிறது. படகு சாயுங்கால் ஒருபக்க மரையாணிகளைப் பிய்த்து இழுக்கிறது. முன்னது தாங்கும் பிணிப்பு. பின்னது தொங்கும் பிணிப்பு. ஒன்றில் ஆணி தளர்ந்தால் நீர் கசியும். மற்றொன்றில் ஆணி அறுந்தால் படகு கவிழும். 2014 மே மாதத்தில் அட்லாண்டிக் பெருங்கடலில் 'சீக்கி ரஃபிகி' என்னும் பாய்ப்படகு அடிமரம் கழன்று கவிழ்ந்து நால்வர் மாண்டனர். முன்னர்த் தரைதட்டியமையும், அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அடிமரம் பொருந்திய இடத்தின் வலிமையைக் குன்றச் செய்திருக்கலாம் என அரசு ஆய்வறிக்கை கூறியது. பழுதுபார்த்தலே பழுதுக்குத் துணையாகலாம் என்பது இதன் படிப்பினை.

பழைய சிறு பாய்ப்படகொன்றின் உலோக அடிமரத்தைக் கழற்றி மீண்டும் பூட்டும் முறையை மேற்கூறிய வேறுபாட்டை மனங்கொண்டு நோக்குவோம். அடிமரத்தின் முன்விளிம்பில், உடலோடு அது கூடும் இடத்தில், சிறு கீற்றுத் தோன்றுவது தளர்ச்சியின் முதற்குறி. இக்கீற்றைப் பசையால் மூடிச் சாயம் பூசிவிடுதல் எளிது. அது நீகான் செயல். கம்மியன் செயலோ பின்வருமாறு அமையும்.

படகைத் தாங்குசட்டத்தில் நிறுத்தி அடிமரத்தைத் தனியே தாங்கச் செய்தல் முதற்படி. பின்னர் மரைகளைக் கழற்றி, படகை உயர்த்தி, பழம்பசையை அறுத்து அடிமரத்தைப் பிரிப்பர். அடுத்து ஆணிகளை ஆராய்வர். துருப்பிடியா எஃகு எனப்படும் உலோகமும் உயிர்வளி புகாத ஈரமான இடுக்கில் அரிப்புறும். மேலே தோன்றும் மரைமுனை மின்ன, கூட்டுவாயில் மறைந்த தண்டு மெலிந்து நிற்றல் உண்டு. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டு நிற்பின் அவற்றுள் ஒன்று விரைந்து கெடும். எனவே, ஆணி, வட்டத்தகடு, அடிமரம் ஆகியவற்றின் உலோகப் பொருத்தமும் நோக்கத்தக்கது.

அதன்பின் படகின் உடலை நோக்கல் வேண்டும். ஆணி அழுத்திய இடத்தில் மரமோ கண்ணாடியிழையோ நைந்திருப்பின், புதிய ஆணியும் பயன்படாது. மரக்கலத்தில் துளையைச் சூழ்ந்த மரம் மாவாதலைக் கண்டோமன்றோ? நெறி ஒன்றே. நைந்த பகுதியைச் செப்பனிட்டு, அகன்ற தகடுகளை உள்ளே இட்டுச் சுமையைப் பரப்புவர். பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்து, இரு முகங்களும் நன்கு கூடுகின்றனவா என அறிவர். பின்னரே பசை பூசி, மரைகளை ஒரு முறைப்படி சிறிது சிறிதாக இறுக்குவர். பசை பிதுங்கி வரும் அளவில் நிறுத்தி, அஃது உறைந்த பின்னர் வகுத்த அளவுக்கு முழுதும் இறுக்குவர். ஒரே ஆணியை முற்ற இறுக்கி அடுத்ததற்குச் செல்லுதல் கூட்டுவாயைக் கோணச் செய்யும். நீரில் இறக்கிச் சில கிழமை கழித்து, உட்பள்ளத்தில் கசிவு உண்டா, மரை நெகிழ்ந்ததா என மீண்டும் நோக்குதல் இறுதிப்படி.

இம்முறையில் ஆணிக்கும் பசைக்கும் உரிய இடங்கள் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. பசை ஆணியை நீரினின்று காக்கிறது. ஆணி அடிமரத்தைக் காக்கிறது. பசை கெட்டால் நீர் புகுந்து ஆணி கெடும். ஆணி கெட்டதைப் பசையே நம் கண்ணுக்கு மறைக்கவும் கூடும். பரிபாடலின் பயின் என்னும் சொல்லுக்கு இத்தொழில் எழுதிய உரையாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இக்கடற்கரையில் அடிமரத்தின் வடிவைக் கடலடியும் காற்றும் வகுத்தன என்பதும், எடையும் தடுப்பும் தனித்தனி உறுப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டமையால் தொங்கும் பிணிப்பின் இடர் நேர்ந்திலது என்பதும், பிணிப்பும் அடைப்பும் வேறென்னும் தெளிவு பழந்தமிழ்ச் சொல்வழக்கிலேயே காணப்படுகிறது என்பதும் பெறப்பட்டன.

இன்று தூத்துக்குடிக் கரையின் சிறு வள்ளங்களில் பெரும்பாலன கண்ணாடியிழையால் வார்க்கப்பெற்றுப் பொறியால் இயங்குகின்றன. அவற்றில் அடிமரம் உடலோடு ஒன்றாய் வார்க்கப்படும்; தனியே ஏரா வைத்தல் இல்லை, கலப்பற்றும் இல்லை. உறுப்பு மறைந்தால் சொல் மறையும். சொல் மறைந்தால் அதனுள் இருந்த அறிவும் மறையும். கப்பல் சாத்திரம் சுவடியினின்று அச்சேறியது போல, தச்சர் வாய்ச்சொல்லும் ஏடேறுதல் வேண்டும். ஏரா குறிலா நெடிலா என்னும் சிறு வினாவுக்கும் விடை நூலகத்தில் மட்டும் இல்லை. தருவைகுளம் போன்ற ஊர்களின் முதிய தச்சர், தண்டையல் ஆகியோர் நாவில் உள்ளது. பட்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் உறுப்புப் பெயர்களையும், பழுதின் பெயர்களையும், பழுதுநீக்கும் வினைகளின் பெயர்களையும் ஊர்தோறும் கேட்டு, கேட்ட ஒலியுடன் தொகுப்பாராயின், அது தமிழகராதிக்கும் கடல் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும். அம்முதியோர் உள்ளபோதே இத்தொகுப்பு நிகழ்தல் வேண்டும்.